எடுத்தாச்சு அண்ணன் எடுக்காத படம்

கழுத்தில் கமெராவைத் தொங்கவிட்டுக்கொண்டு படமே எடுக்காமல் வாழ்ந்த ஒரே கலைஞர் இந்தப் பூமியில் ஹல்துமுல்லையில்தான் இருந்தார். ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும், கடல் தாண்டிப் போய்த் தேடினாலும் இன்னொருவர் அகப்பட மாட்டார். சத்தியமாகச் சொல்கிறேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் அவர் 'எடுத்தாச்சு' அண்ணன்.

சந்தியில் இருந்த ஹார்ட்வெயார் கடையில் அவருக்கு வேலை. ஆணி நிறுப்பார், குழாய் வெட்டுவார், பெயின்ட் கலக்குவார். நான் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. போனில் பூ, புல், பூனை என்று படமெடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை அவருடைய கடை வாசலில் நின்று, பனிக்குள் தனியாகத் தெரிந்த ஒரு மரத்தை நோக்கிப் போனைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"எடுத்தாச்சு!"

"நான் இன்னும் எடுக்கலையேண்ணே?"

"நீங்க எடுக்கல டீச்சர். உலகம் எடுத்திருச்சு. பனிக்குள்ள ஒத்த மரம். ஆயிரம் பேரு எடுத்துட்டான். நீங்க ஆயிரத்தி ஓராவது ஆளா நிக்கப் போறீங்களா?"

தராசுக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்து வந்து விரித்தார். உலகத்தில் ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்ட படங்களின் பட்டியல் அது. கூடையோடு சிரிக்கும் தேயிலைக் கொழுந்துக்காரி. பாலத்தில் வளைந்து போகும் ரயில். சுருக்கம் விழுந்த கிழவர் முகம். குழாயில் தொங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர். மூக்கொழுகும் பிள்ளை. படியில் தூங்கும் நாய். நாய்க்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'பூனையும் சேர்த்து' என்று எழுதியிருந்தது. அத்தோடு என் கலை வாழ்க்கையில் பாதி போயிற்று.

கொப்பியில் ஏறிய படத்தை ஹல்துமுல்லை எல்லைக்குள் யாரும் எடுக்கக் கூடாது. அதுதான் அவருடைய சட்டம். இந்தச் சட்டம் உல்லாசப் பயணிகளுக்கும் பொருந்தும். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மலைப் பாதையோரம் வேனை நிறுத்தி, மேட்டு லயத்தில் குடியிருக்கும் கொழுந்துக்காரி முனியம்மா அக்காவைப் படமெடுக்கப் போனார்கள். அக்காவும் கூடையைச் சரிபண்ணிக்கொண்டு சிரித்தபடி நின்றார். அண்ணன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு "எடுத்தாச்சு, எடுத்தாச்சு!" என்று குறுக்கே ஓடினார். வெள்ளைக்காரர்கள் பயந்து வேனில் ஏறிவிட்டார்கள்.

"யோவ், அவுங்க இன்னும் எடுக்கலய்யா!" என்று அக்கா கத்தினார். "எம்புட்டு நேரமா இளிச்சுக்கிட்டு நிக்கிறேன், வாய் வலிக்குது!"

"நீ சிரிக்கிறது உன் சிரிப்பா முனியம்மா? காலண்டர்ல இருக்கிற சிரிப்பு. அதைப் பார்த்து நீ சிரிக்கிற. உன்னைப் பார்த்து அடுத்தவ சிரிக்கிறா."

அக்கா அதற்குச் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

படமெடுக்கும் ஆசையுள்ள நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அண்ணனையும் சேர்த்தது நான்தான். யார் எதைப் போட்டாலும் அடுத்த நிமிடம் அவருடைய பதில் வந்து விழும். "எடுத்தாச்சு." கூடவே அதே மாதிரிப் படத்தை எவனோ எந்த நாட்டிலோ முன்னமே எடுத்ததற்கான ஆதாரமும் வரும். வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தனக்குப் பிறந்த குழந்தையின் படத்தைப் போட்டார். அதற்கும் அதே பதில்தான். அந்தத் தம்பி அன்றே விலகினார். மாதக் கடைசியில் குழுவில் நானும் அண்ணனும் மட்டும் மிஞ்சினோம். இரண்டு பேர் பேச ஒரு குழு எதற்கு என்று நானும் கலைத்துவிட்டேன்.

சரி, மனிதர் எடுக்கவே மாட்டாரா என்றால், ஒரு தடவை எடுத்தார். எடுக்க வைத்த பாவம் என்னுடையது. என் தங்கையின் கல்யாணத்தன்று மண்சரிவில் பாதை அடைபட்டு, பேசிவைத்த போட்டோக்காரர் வந்து சேரவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "உங்களுக்காக எடுக்கிறேன் டீச்சர்" என்று நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி எடுத்தார். படங்கள் வந்தன. வாசலில் கிடந்த செருப்புகள். சமையல்காரரின் முதுகு. நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம். மாப்பிள்ளையின் பிடரி, மூன்று கோணத்தில்.

"தாலி கட்டினது எங்கண்ணே?" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அது எல்லாக் கல்யாணத்துலயும் கட்டுறதுதானே டீச்சர்."

இரண்டு வருடம் தங்கை அவரோடு பேசவில்லை. "என் புருசன் மொகத்தை நான் கல்யாணத்தன்னைக்கிப் பார்த்தேங்கிறதுக்கு அத்தாட்சியே இல்ல" என்று இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் அந்தக் குவியலில் ஒரு படம் இருந்தது. மேளம் கொட்டி, எல்லாரும் மணவறையைப் பார்த்துப் பூப் போடுகிற நேரத்தில், எங்கள் அப்பா முதுகுக்குப் பின்னால் தன் கட்டைவிரலைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் சிரிப்பு இருந்திருக்கும். கையில் இல்லை. நூற்றைம்பது பேர் இருந்த மண்டபத்தில் அதை ஒருவர்தான் பார்த்திருக்கிறார். இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அன்றைக்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்வேனே தவிர, மற்றவர்கள் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு மழை நாள், சந்தித் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவர் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஒரு படம் இருக்கு. கொப்பியில இல்லாத படம். யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

மொனராகலையிலிருந்து விடியுமுன் கிளம்பி கொழும்புக்குப் போகும் பஸ் எங்கள் சந்தி வழியாகத்தான் போகும். கீழே சூட்டில் ஏறுகிறவர்கள் மலை ஏற ஏறக் குளிர் தாங்காமல் ஜன்னல்களை மூடிவிடுவார்கள். அத்தனை பேருடைய மூச்சும் கண்ணாடியில் படிந்து வெள்ளையாகிவிடும். சந்தி வந்ததும் எந்த ஊர் என்று பார்க்க ஒவ்வொருவரும் உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைப்பார்கள்.

"வரிசையா வெள்ளைக் கண்ணாடி. ஒவ்வொண்ணுலயும் ஒரு வட்டம். ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரு மொகம். ஒருத்தரு பக்கத்துல ஒருத்தரு இருக்காங்க, ஆனா எல்லாரும் தனித்தனியா பாக்குறாங்க. நம்ம சனம் டீச்சர். கடைக்கும் வீட்டு வேலைக்கும் கொழும்புக்குப் போற சனம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து இணையம் முழுக்கத் தேடினேன். பனி படிந்த கண்ணாடி ஏராளமாகக் கிடந்தது. அதில் விரலால் இதயம் வரைந்தவர்கள் கணக்கில்லை. இந்தப் படம் எங்கும் இல்லை. "யாரும் எடுக்கலண்ணே" என்று நான் போய்ச் சொன்னபோது அந்த மனிதர் ஆணிப் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

மூன்று மார்கழி, மூன்று தை காத்திருந்தார். தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, காலை வெளிச்சம் வந்ததும் சந்தியில் நிற்பார். ஒரு நாள் பஸ் வரும், பனி வராது. ஒரு நாள் பனி வரும், பஸ் வராது. இரண்டும் வந்த அன்று நடு ஜன்னலைத் திறந்து ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் எல்லாம் கூடி வந்து, கமெராவைக் கண்ணில் வைத்த அதே நொடியில் வெலிமடை லொறி ஒன்று லீக்ஸ் காய்கறி மூட்டையோடு குறுக்கே வந்து நின்றது. லொறி சாரதியிடம் அவர் பேசிய சிங்களத்தைக் கேட்டு, சந்தியில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள்.

"கண்டக்டர்கிட்டச் சொல்லி எல்லாரையும் துடைக்கச் சொல்லுவமா?" என்றேன்.

"சொல்லி வச்சு எடுத்தா அது நாடகம் டீச்சர். தானா வரணும்."

அது தானாகத்தான் வந்தது. மூன்றாவது தையில், அவர் மொனராகலையில் தன் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த வாரத்தில். நான் பாடசாலைக்குப் போகச் சந்தியில் நின்றேன். பஸ் வந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. வெள்ளைக் கண்ணாடி, வரிசையாக வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு முகம். லொறி இல்லை, வாந்தி இல்லை. என் கை போனைத் தூக்கியது, விரல் அழுத்தியது, பஸ் போய்விட்டது.

அவருக்கு அனுப்பத்தான் எடுத்தேன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் பதுளையில் நடக்கவிருந்த ஒரு படப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள் என்று மாலையில் கண்ணில் பட்டது. எடுத்தது யார், நான். போன் யாருடையது, என்னுடையது. குளிரில் நின்றது யார், அன்றைக்கு நான்தானே. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி, என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். முதல் பரிசு என்று செய்தி வந்தபோது ஒரு நிமிடம் துள்ளினேன். இரண்டாவது நிமிடம் மப்ளரோடு சந்தியில் நிற்கும் அண்ணன் நினைவுக்கு வந்தார்.

அண்ணன் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். ஆனால் காலையில் சந்திக்கு வருவதை நிறுத்திவிட்டார். இருமல் என்றார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. கடை இருக்கும் பக்கம் போகாமல், குறுக்கு வழியில் ஏறி இறங்கிப் பாடசாலைக்குப் போனேன். சொல்லவில்லை.

பதுளையில் கண்காட்சி. என் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நடுவில் மாட்டியிருந்தார்கள். யார் சொன்னார்களோ, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "வாங்க டீச்சர், தூணு உங்களை மறைக்கல" என்றார்.

போய் நின்றேன்.

"எடுத்தாச்சு" என்றார். மெதுவாக. அந்தச் சொல்லை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே. உங்க படம் இது. இப்பவே போய்ச் சொல்லி உங்க பேரைப் போடச் சொல்றேன்."

"நாலாவது ஜன்னலைப் பாருங்க."

பார்த்தேன். போனில் ஒரு புள்ளியாகத் தெரிந்த முகம் இங்கே தெளிவாக இருந்தது. மப்ளர் சுற்றிய தலை. அகலமாக விரிந்த இரண்டு கண்கள். அண்ணன்.

"அக்கா வீட்டுலேருந்து அந்த பஸ்லதான் திரும்பினேன். வட்டத்தைத் துடைச்சுப் பார்த்தா, எதிர்ல நீங்க போனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க."

"ஏன்ணே கத்தல? கண்ணாடியைத் தட்டியிருந்தாக்கூட நான் நிறுத்தியிருப்பேனே."

"தட்டினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. படம் கெட்டுரும்ல. எந்திரிச்சாலும் கெட்டுரும்னு அடுத்த தரிப்புலதான் எறங்கினேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூச்சு விட்டா என் வட்டம் மறுபடி மூடிரும்னு மூச்சைக்கூட விடல டீச்சர். நீங்க போனை எறக்குற வரைக்கும் அடக்கிக்கிட்டே இருந்தேன்."

நான் மறுபடி நாலாவது ஜன்னலைப் பார்த்தேன்.

"வலிக்கலன்னு சொல்லமாட்டேன்" என்றார். "மூணு வருசம் நின்னேன். ஆனா அது எனக்குள்ளேயே இருந்தா யாரு பாக்கிறது? வெளிய ஒருத்தர் நின்னாத்தானே படம்." கொப்பியை எடுத்து அங்கேயே நின்றபடி எழுதினார். 'பனி பஸ். எடுத்தது டீச்சர்.' அந்தக் கொப்பியில் ஒரு ஆளைக் குறிப்பிட்டு எழுதியது அது ஒன்றுதான். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன். வரவில்லை. தனியாகத்தான் பஸ் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு பழையபடி பேசினார், என் போனைப் பார்த்து அதட்டினார். அடுத்த வருடம் மகள் வந்து வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இருமல் மலைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். இப்போது கடையில் ஆணி நிறுப்பவர் வேறு ஒருவர், நல்ல பிள்ளை. நான் எதை எடுத்தாலும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு எடுக்கவே பிடிப்பதில்லை. அண்ணன் எப்போதாவது போன் பண்ணுவார். முதல் கேள்வியே, "பனி எறங்கிருச்சா டீச்சர்?" என்பதுதான். வவுனியா வெயிலில் அவருடைய மூச்சு எந்தக் கண்ணாடியிலும் படியாது. அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

போன மாதம் மகள் பேசினாள். மாலை போட்டு மாட்ட அப்பாவின் படம் ஒன்று வீட்டில் இல்லை, தன்னை எடுக்க யாரையும் விட்டதில்லை, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்த ஒன்றை அனுப்பினேன், நாலாவது ஜன்னலை மட்டும் பெரிதாக்கி. அதே படம் என் மேசையிலும் இருக்கிறது. உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. போதும்ணே, மூச்சை விடுங்க.