காரணத்தாரும் மஞ்சள் லைற்றும்

நவம்பர் பிறந்து, காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கும் நாட்களில், ரொறன்ரோவில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். காரின் டாஷ்போட்டில் ஒரு மஞ்சள் லைற் எரியும். அதை எட்டிப் பார்த்து, "உது குளிருக்கு" என்று சொல்ல ஒருவர் எங்கிருந்தோ வந்து நிற்பார். லைற்றைப் பற்றிக் கார்க் கம்பனிக்காரர் தடித்த புத்தகம் ஒன்றை அச்சடித்துக் காருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். வந்து நிற்பவரைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் காரணத்தார். பெண்களிலும் உண்டு என்கிறார்கள். நான் கண்டதெல்லாம் மீசையோடுதான்.

இவரை இனங்காண்பது சுலபம். இரண்டு கைகளும் ஜக்கற் பொக்கற்றுக்குள் இருக்கும். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, சனம் சாமியாருக்குக் கைகொடுத்து, பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வரும் நேரத்தில், யாராவது ஒருவர் தன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுழித்தால் போதும், இவருக்கு அது எப்படியோ தெரிந்துவிடும், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நடந்து வந்து, குனியாமல், கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே பார்ப்பார். சட்டிக்குள் ஒரு ஆச்சரியக்குறியை இறக்கி வைத்தது போன்ற, ரயரில் காற்றுக் குறைந்ததைக் காட்டும் அந்தப் படம் எரிந்துகொண்டிருக்கும். இவர் முகத்தில் ஒரு திருப்தி வரும்.

சென்ற நவம்பரில் பிரவீண் அகப்பட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை செய்பவர். எங்கள் கோயிலுக்குப் புதியவர். காரும் புதியது. நான் பக்கத்தில் நின்றேன்.

"எப்பவிலை இருந்து எரியுது?" என்றார் காரணத்தார்.

"காலைல இருந்துங்க, அண்ணா."

"ஓடேக்கை அணையுதோ?"

"கவனிக்கலைங்க."

"உது குளிருக்கு, தம்பி. குளிருக்குக் காத்துச் சுருங்கும். சுருங்கினாப் பிரஷர் இறங்கும். பயப்பிடாமல் ஓடுங்கோ."

"அப்போ கொஞ்சம் காத்து அடிச்சிடட்டுங்களா?"

இந்தக் கேள்வி காரணத்தாருக்குப் பிடிக்காது. கேள்வி கேட்பவர் அதற்கு முந்தின வசனத்தோடு திருப்திப்பட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

"கனடாவுக்கு எப்ப வந்தனீங்கள்?"

"போன வருஷம்."

"ரெண்டு வின்ரர் போகட்டும். விளங்கும்."

அவர் சொன்னதில் பிழை உண்டா? ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதுதான் இவரோடு உள்ள கரைச்சல். பிழையாகச் சொல்பவரைத் திருத்தலாம், இவரை என்ன செய்வது? குளிரில் காற்றுச் சுருங்கும், உண்மை. சுருங்கினால் ரயரில் அழுத்தம் குறையும், அதுவும் உண்மை. ஆகவே காற்றடிக்க வேண்டும் என்று இன்னொரு வசனம் இருக்கிறது. அந்த வசனத்துக்கு வந்தால் கையைப் பொக்கற்றிலிருந்து எடுக்க வேண்டும், காஸ் ஸ்ரேஷனின் மூலையில் பனிச்சேற்றில் குந்த வேண்டும், விறைத்துப்போன குழாயை இழுத்து வர வேண்டும், மிளகு போன்ற வால்வு மூடியை விரலால் திருகிக் கழற்ற வேண்டும், அது கைநழுவிப் பனிக்குள் விழும், அதைத் தேட வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டுக் காரணத்தார் முதல் இரண்டு வசனங்களோடு நிறுத்திக்கொள்கிறார். காரணம் தெரிந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்ற ஒரு நிம்மதி அவருக்கு வருகிறது. பல்வலியோடு வந்தவனுக்குச் சொத்தை ஏன் வந்தது என்று விளக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் வைத்தியரை நீங்கள் கண்டதில்லை. பார்க்க விரும்பினால் எங்கள் கோயிலடிக்கு வாருங்கள்.

வின்ரர் முடிந்தால் இவர் ஓய்வெடுப்பார் என்று நினைக்க வேண்டாம். வீட்டு நிலவறையில் தண்ணீர் கசிந்தால், "உது பக்கத்து வீட்டுக்காரன் தோட்டத்தை உயர்த்தினதாலை." மனைவிக்கு முழங்கால் நொந்தால், "உது இஞ்சத்தைச் சீமெந்து நிலத்துக்கு." மகன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்காகப் பேசாமல் இருந்தால், "உது இஞ்சத்தைப் பள்ளிக்கூடங்கள் பழக்கினது." எல்லாவற்றையும் விளங்கிக்கொண்ட ஒரு மனிதர். அவர் வீட்டு நிலவறையில் இன்னும் வாளி வைத்திருக்கிறார்கள்.

பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எனவே பெயரையே சொல்லிவிடுகிறேன். பிரவீணுக்கு விளக்கம் கொடுத்த காரணத்தாரின் பெயர் அகஸ்ரின். மனைவி அன்ரனெற். முன்பு வெக்ஸ்போர்ட்டில் இருந்தார்கள், அங்கே வாசலில் பஸ் நின்றது. பிறகு எல்லாரையும் போல ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிப் போனார்கள். அங்கே வாசலில் பஸ் கிடையாது, நடைபாதையே சில தெருக்களில் பாதியோடு நின்றுவிடும். அன்ரனெற் அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பகுதிநேரமாக வேலை செய்தார். போகவும் வரவும் அகஸ்ரினின் கார்தான். கார் ஓடப் பழக வேண்டும் என்று கேட்ட போதெல்லாம், "நான் இருக்கிறன்தானே" என்று பதில் வரும். கடைக்கோ வேலைக்கோ போய்க் காத்திருந்தால் அகஸ்ரின் வருவார், ஆனால் அவர் வரும் நேரத்துக்குத்தான் வருவார்.

சென்ற வருடம் அந்த இல்லத்தில் அன்ரனெற்றுக்கு முழுநேர வேலை தருவதாகச் சொன்னார்கள். விடியற்காலை ஷிப்ற். சொந்தமாக வந்துசேர வேண்டும், வருட முடிவுக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். அன்ரனெற் யாரிடமும் சொல்லாமல், கார் ஓடப் பழக்கும் நிரோஷினி என்ற பெண்ணிடம் கார் பழகினார். சொன்னால் அகஸ்ரினிடம் ஒரு காரணம் இருந்திருக்கும். பரீட்சைக்கு டிசெம்பரில் ஒரு திகதி கிடைத்தது. அன்றைக்கு நிரோஷினியின் கார் இன்னொருவருக்குப் பேசப்பட்டிருந்ததால், வீட்டுக் காரிலேயே போவதாக முடிவாயிற்று. அப்போதுதான் அகஸ்ரினுக்கே விஷயம் தெரியவந்தது. மனிதர் கோபப்படவில்லை. "நல்லது" என்றார்.

அந்த வீட்டுக் காரின் டாஷ்போட்டில் மஞ்சள் லைற் நவம்பர் முழுக்க எரிந்தது.

"இஞ்சேருங்கோ, ரெஸ்ற்றுக்கு முதல் ஒருக்காக் காத்தடிப்பமே?"

"உது குளிருக்கு."

"குளிருக்கு எண்டாலும் அடிக்கலாம்தானே?"

"மத்தியானம் வெயில் எறிக்கத் தன்பாட்டிலை கூடும். உமக்கு லைற் கண்ணுக்குக் குத்துது, அவ்வளவுதான்."

கண்ணுக்குக் குத்துவதற்கு அகஸ்ரினிடம் மருந்து இருந்தது. கோயில் திருநாளில் வாங்கிய மடு மாதா ஸ்ரிக்கர் ஒன்றை எடுத்து, லைற் எரியும் இடத்துக்கு நேரே டாஷ்போட் கண்ணாடி மேல் அளந்து ஒட்டினார். சின்னஞ்சிறிய மாதா. இருட்டில் ஓடும்போது அவவைச் சுற்றி மெல்லிய மஞ்சள் ஒளி வரும். அன்ரனெற் முதல் தரம் பார்த்தபோது சிலுவை போட்டுக்கொண்டார். மாதாவுக்குப் பின்னால் எரிவது அந்த லைற் என்று பிறகுதான் விளங்கியது.

பரீட்சை நாள் வந்தது. பரீட்சகர் காரைச் சுற்றி நடந்தார், சிக்னலைப் போடச் சொன்னார், பிரேக் லைற்றைப் பார்த்தார், ஹோர்ன் அடிக்கச் சொன்னார், பிறகு பக்கத்தில் ஏறி இருந்து டாஷ்போட்டைப் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் மாதா என்று அன்ரனெற் சொன்னார். அழகாக இருக்கிறா, அவவுக்குப் பின்னால் எரிவது என்ன என்று அவர் கேட்டார்.

அன்ரனெற் ஸ்ரிக்கரை நகத்தால் உரித்தார். பரீட்சகர் நல்ல மனிதர். எச்சரிக்கை லைற் எரியும் காரில் பரீட்சை வைக்க முடியாது, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த திகதி தை மாதக் கடைசியில்தான் இருந்தது. அன்ரனெற் ஸ்ரியறிங்கில் கை வைத்தபடி இருந்து அழுதார். கார் தரிப்பிடத்தை விட்டே நகரவில்லை.

அகஸ்ரின் அப்போது உள்ளே, காத்திருக்கும் கதிரையில் இருந்து, பக்கத்தில் இருந்தவருக்குப் பரீட்சையில் ஏன் நிறையப் பேர் தவறுகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் அன்ரனெற் ஒரு காஸ் ஸ்ரேஷனில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தானே பனிச்சேற்றில் குந்தினார். வால்வு மூடி கைநழுவி விழுந்தது, தேடி எடுத்தார். முன்பக்கத்து ரயர் ஒன்று அடிக்க அடிக்க இறங்கியது. தடவிப் பார்த்தால் ஒரு திருகாணியின் தலை மினுங்கியது. ரயரில் இருந்தது குளிர் மட்டுமில்லை. அதை அவர் கை நீட்டிக் காட்டியபோது, அகஸ்ரின் யன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஆணியோ? உது எங்கடை பக்கம் புது வீடுகள் கட்டுறாங்களல்லோ. றோட்டெல்லாம் ஆணி."

"ஓம், விளங்குது. இப்ப என்ன செய்வம்?"

"ஏறிக் கதவைச் சாத்தும். குளிர் உள்ளுக்கு வருகுது," என்றார் அகஸ்ரின். கண்ணாடி மேலே ஏறியது.

வருட முடிவில் அந்த முழுநேர வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. அதற்கும் அகஸ்ரினிடம் ஒன்று இருந்தது. "அவையள் முதலே ஆளை முடிவு செய்துபோட்டு ஒரு சாட்டுக்குத்தான் உம்மட்டைக் கேட்டிருப்பினம்." இதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது.

அன்ரனெற் பிறகு நிரோஷினியின் காரில் பரீட்சை எடுத்து லைசென்ஸ் பெற்றுவிட்டார். வேலை திரும்பி வரவில்லை. போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயிலடியில் அகஸ்ரின் என்னிடம் மிகத் திருப்தியாகப் பேசிக்கொண்டு நின்றார்.

"அன்ரனெற் இப்ப நல்ல மாற்றம். முந்தி மாதிரி உதைச் செய்யுங்கோ, இதைச் செய்யுங்கோ எண்டு ஒண்டும் கேக்கிறேல்லை. உது வயசு போகப் போக வாற அமைதி."

அன்ரனெற் சற்றுத் தள்ளிக் காருக்குள் ஸ்ரியறிங்குக்கு முன்னால் இருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை.

இதுவரை வாசித்த உங்களுக்கு யாராவது ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். மச்சானாக இருக்கலாம், வேலையிடத்தில் ஒருவராக இருக்கலாம். அவருக்கு இதை அனுப்பிவைக்க வேண்டும் என்றும் நினைத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார், நீங்களும் மிகச் சரியான பதில் ஒன்றைச் சொல்லி அனுப்பினீர்கள், இல்லையா? கொஞ்சக் காலமாக அவர் அதைக் கேட்பதில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். உங்களிடம் ஒரு நல்ல காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.