இன்ஸ்பெக்டரின் முதல் கேள்வி

ஒற்றைச் செருப்பு காணாமல்போனதற்குப் பதினோரு பேரிடம் வாக்குமூலம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் புக்கிட் பெருவாங் அடுக்குமாடியின் வாசலில் காவல் காத்த ஜாகா அவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்.

காரணம் ஒரு புத்தகம். வீடு காலிசெய்த யாரோ குப்பைத்தொட்டி ஓரம் விட்டுப்போன அயர்லாந்து துப்பறியும் நாவல். அதில் ஒரு சிறுமி காணாமல்போகிறாள். குன்றடி முள்மரத்தில் குடியிருக்கும் மாயக் குள்ளர்கள் தூக்கிப்போய்விட்டார்கள் என்கிறது ஊர். ஒரு இன்ஸ்பெக்டர் மட்டும் நம்பாமல் வீடுவீடாகப் போய் விசாரிக்கிறார். நம் ஆள், ஆறாம் ஆண்டுவரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அட்டையே கழன்றுவிட்டது.

படித்ததோடு விட்டாரா? என் செருப்பு போன அன்று மூன்றாம் மாடி நடைபாதையை ராஃபியா கயிறு கட்டி அடைத்துவிட்டார்.

"டீச்சர், கயித்தத் தாண்டாதீங்க. தடயம் கெட்டுடும்."

"ஸ்கூலுக்கு நேரமாச்சு அண்ணே. போனா போவட்டும் லா."

"அப்படிச் சொல்லக்கூடாது. கடைசியா எப்பப் பாத்தீங்க? என்ன கலரு?"

மூன்றாம் நாள் குற்றவாளி தண்ணீர்த் தொட்டிமேல் அகப்பட்டது. குரங்கு. 'ஒத்துழைக்க மறுத்தது' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்காமல்தான் ஒரு மத்தியானம் கேட்டேன்: "உங்க புத்தகத்துல அந்தப் பிள்ளைக்கு என்னதான் ஆச்சுண்ணே?"

"தெரியாது டீச்சர். கடைசி அத்தியாயம் நான் படிக்கிறதில்ல. அது வந்தா அவரு தேடறத நிறுத்திருவாரே."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க ரப்பர் தோட்டத்துலயும் ஒரு மரம் இருந்துச்சு. முனி மரம். எனக்குப் பத்து வயசு. என் தங்கச்சி விறகு பொறுக்கப் போனா, வரவே இல்ல. முனி கொண்டுபோயிருச்சுன்னாங்க. சேவல அறுத்தாங்க. அவ்ளோதான். போலீஸ் ரிப்போட்டுகூட யாரும் போடல. கடைசியா அவளப் பாத்தவன் நான்தான் டீச்சர். அவ என்ன சட்ட போட்டிருந்தான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் எதைப் பார்த்துச் சிரித்தேன்! பையைக் கீழே வைத்து, அவர் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"சொல்லுங்கண்ணே. கடைசியா எப்பப் பாத்தீங்க? என்ன கலரு சட்ட?"

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"காலையில பால்மரத்துக்கு ஆளுங்க போனப்புறம். மஞ்சக் கவுனு. தோள்ல பட்டன் இல்ல, ஊக்கு. நான்தான் குத்திவிட்டேன்."

ஒன்றரை மணி நேரம் சொன்னார். நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் நான் மாடி ஏறும்வரை சல்யூட் அடித்தபடி நின்றார்.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். நோட்டும் புத்தகமும் என்னிடம் இருக்கின்றன. கடைசி அத்தியாயத்தை நானும் படிக்கவில்லை.

நேற்று அந்தக் குரங்கு என் புதுச் செருப்பையும் தூக்கிக்கொண்டு போனது. வாசலில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்றேன். என்ன கலர் என்று கேட்க ஆள் இல்லை, அண்ணே.