மச்சானின் வலது கால்

ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ மூன்றும் ஓய்ந்துவிட்டன. டபுள் பாஸும் டிரம்ஸும் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தன.

ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு குழுத்தலைவர் கையைத் தூக்கி ஆட்டினார். பாஸ்காரர் கண்ணைத் திறந்தபோது ஒத்திகை அறையே தன்னைப் பார்ப்பது தெரிந்தது. தந்தியிலிருந்து விரலை எடுத்தார். அடுத்த நொடி டிரம்ஸும் நின்றது.

"ரெண்டு பேரும் எங்க போயிட்டிருந்தீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"மனசு லயிச்சுப் போச்சுங்க," என்றார் பாஸ்காரர்.

டிரம்ஸ்காரர் பாஸ்காரரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். அவர் பாஸ்காரருடைய மனைவியின் அண்ணன். இருவரும் இருபத்தெட்டு வருடங்களாக ஒரே ஜாஸ் குழுவில் வாசிக்கிறார்கள். தான் நிறுத்தாததைப் பார்த்து, மச்சானும் வேண்டுமென்றே கூட வாசித்து மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று பாஸ்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். பாஸ்காரருக்கு ஒரு வருடமாகக் காது மந்தம்.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பரவாயில்லை. குழுவில் அவருடைய பட்டப்பெயரே 'பாம்புக்காது'. சாக்ஸபோனில் ஒரு சுரம் மயிரிழை இறங்கினாலும், மூடிய கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளிப்பவர் அவர். ஜாஸில் காகிதத்தில் எழுதியிருப்பது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டு அந்த நொடியில் பிறப்பது. காது போன பாஸ்காரரை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்? அந்த நாலு தந்தியை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

மனைவியிடம் சொல்லலாம் என்றால், அவளிடம் சொன்னது அன்றைக்கே அண்ணனுக்குப் போகும். அண்ணனுக்குப் போனால் குழுவுக்குப் போகும். "நம்ம வீட்டு ரேடியோ போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க ரேடியோவையே வித்துட்டாங்க," என்று அவள் குறைபட்டுக்கொண்டபோது, ரேடியோவில் ஏதோ கோளாறு என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்த ஒத்திகை நாளிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டு வாசிப்பது என்று முடிவு செய்தார். மச்சானின் வலது கால் பெரிய டிரம்மின் மிதியை ஒவ்வொரு தட்டுக்கும் மிதிக்கும். அந்தக் கால் இறங்கினால் இவர் விரல் இறங்கும். அவ்வளவுதான், காதே தேவையில்லை.

ஆனால் தலைவரின் கையையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தனியாக வாசித்து முடித்த பிறகு, பாட்டின் முதல் மெட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் தலைவர் உச்சந்தலையில் கை வைப்பார். ஜாஸ்காரர்களின் பழைய சைகை அது. ஒரு மாலை, ஓட்டல் கூடத்தில் நல்ல கூட்டம். பியானோக்காரம்மா தன் தனி வாசிப்பில் அப்போதுதான் சூடு பிடித்திருந்தார். தலைவருக்குத் தலை அரித்தது. சொறிந்தார்.

பாஸ்காரர் படாரென்று முதல் மெட்டுக்குத் திரும்பினார். டிரம்ஸ்காரரும் கூடவே திரும்பினார். பியானோ நட்டாற்றில் நின்றது.

மேடையை விட்டு இறங்கியதும் பியானோக்காரம்மா நேரே தலைவரிடம் போனார். "இனிமே சொறியிறதை எல்லாம் வீட்டுலயே முடிச்சுட்டு வந்துருங்கண்ணே," என்றார்.

தலைவர் மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அது கொஞ்சம் பெரிய தொப்பி. அதைச் சரிசெய்ய அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் பாஸ்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இதற்கிடையில் மச்சானின் கால் பெரிய டிரம்முக்குப் பின்னால் மறைந்து தொலைத்தது. பாஸ்காரர் தன் ஆளுயர வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றார். மச்சான் உடனே முக்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தார். பாஸ்காரர் இரண்டடி தள்ளினார். மச்சானும் டிரம்ஸை இரண்டடி இழுத்தார். வாசிக்கும்போதெல்லாம் அவர் கண் பாஸ்காரரின் விரல்களை விட்டு அகலவே இல்லை.

மச்சான் கண்டுபிடித்துவிட்டார் என்று பாஸ்காரர் முடிவு கட்டினார். கண்டுபிடித்தும் வெளியே சொல்லாமல் இருக்கிறாரே, அந்தப் பெருந்தன்மைதான் அவரை இன்னும் வதைத்தது. ஒருநாள் வாசலில் தனியாக அகப்பட்டபோது மெல்லக் கேட்டார்: "மச்சான், உனக்கு எல்லாம் தெரியும்தானே?"

மச்சான் அவர் தோளைத் தட்டினார். "ஆமா மாப்ளே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே போய்விட்டார்.

அடுத்ததாக, டிரம்ஸின் அதிர்வு பலகைத் தரை வழியாக வருமே, அதைக் காலால் பிடித்துவிடலாம் என்று பாஸ்காரர் காலணியைக் கழற்றிவிட்டு வாசித்தார். கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் மறுநாள் டிரம்ஸ்காரரும் காலுறையோடு வந்து உட்கார்ந்தார். தன்னைத் தனியாகக் கேலிக்கு ஆளாக்கக் கூடாது என்பதற்காகத்தான் மச்சான் இதையும் செய்கிறார் என்று பாஸ்காரர் நம்பினார். பியானோக்காரம்மா ஜன்னலைத் திறந்து வைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் குழுவின் வேகம் நாளுக்கு நாள் படுத்துக்கொண்டே வந்தது. எல்லாப் பாட்டும் ஓட்டமாகத் தொடங்கி ஊர்வலமாக முடிந்தது. தலைவர் எண்ணிக் கொடுத்தார், கை தட்டினார், கடைசியில் காலால் தரையை உதைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவர் தொப்பியைக் கழற்றி பியானோமேல் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பாஸ்காரர் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரோ ஒருத்தர் பின்னாடி இழுக்கறீங்க. சனிக்கிழமை ஒலிப்பதிவு. அங்க ஆளுக்கு ஒரு அறை, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. யாருன்னு அன்னிக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா, மன்னிச்சுக்கோங்க, நான் வேற ஆள் பாக்கணும்."

மச்சான் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார்.

படியிறங்கும்போது சாக்ஸபோன்காரர் பாஸ்காரரின் காதருகில் குனிந்து, தாளம் இழுத்தால் அது டிரம்ஸ்காரர் தப்புதான் என்றும், தலைவர் ஏற்கெனவே வேறொரு டிரம்ஸ்காரரிடம் பேசிவிட்டார் என்றும் சொன்னார். காதோடு காதாகச் சொன்னதால் இது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பாஸ்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தன் காதுக்காக மச்சானின் வேலை போகப் போகிறது. தான் மெட்டு மாறினால் கூடவே மாறி, காலணி கழற்றினால் கூடவே கழற்றி, ஒரு வார்த்தை கேட்காமல் கூடவே நின்ற மனிதன். அவருக்குப் பழி வருவதை விடத் தான் வீட்டில் உட்காருவது மேல். எதிரே இருந்த மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை, ஊரின் மறுகோடியில் இருந்த காது பரிசோதனை நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் அவரைக் கனமான கதவு போட்ட சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அவள் விரல் இயந்திரத்தில் இறங்கும்போதெல்லாம் பாஸ்காரர் பொத்தானை அழுத்தினார். எல்லாமே சரியாக வந்தது.

அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

கால் மணி நேரம் கழித்து, பாதிக்கு மேல் கேட்பதில்லை என்று முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். இரண்டு காதிலும் சின்னதாக ஒரு கருவி வைத்துக்கொண்டால் நன்றாகக் கேட்கும், வெளியே பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது என்றும் சொன்னாள். ஒரு கருவியை எடுத்து மாட்டியும் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவை கத்தியது. பாஸ்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் இசைக்குழுவுல வாசிக்கறேம்மா," என்றார். "காது கேக்கலைங்கறதை ஒரு வருஷமா மறைச்சுட்டேன். இப்ப என்கூட வாசிக்கறவர் மேல பழி விழுது. நாளைக்கே எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லப் போறேன். என்னை நம்பி இருக்கற மனுஷனுக்கு நான் செஞ்சது துரோகம்."

அவள் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சகஜம்தான் என்று தேற்றினாள்.

"நீங்களாவது வந்தீங்களேய்யா. போன வருஷம் ஒரு டிரம்ஸ்காரர் வந்தார், உங்களைவிட மோசம். கருவி வச்சுக்கங்கன்னு எவ்வளவோ எழுதிக் காட்டினேன். 'எனக்கெதுக்கும்மா இதெல்லாம், என் மாப்ளே பக்கத்துலயே பாஸ் வாசிக்கறான், அவன் விரல் இறங்கறதைப் பாத்து என் காலை இறக்கினாப் போதும், அவனுக்குப் பாம்புக்காது'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்."