மாலை போட்டு வரவேற்ற லோரி

எனக்கு ஒரு வியாதி இருந்தது. வாசலுக்கு யார் வந்தாலும் மாலை போட வேண்டும் என்று கை பரபரக்கும். மருத்துவரிடம் காட்டுகிற வியாதி இல்லை இது. பொதுச்சேவை என்ற பெயரில் உள்ளுக்குள்ளேயே முற்றுகிற வகை.

ஜார்ஜ் டவுனில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டுக்குப் பதினோரு மாடி. அங்கே தீபாவளி உபசரிப்புக் குழு என்று ஒன்று உண்டு. அதற்கு நான் ஏழு வருடம் செயலாளராக இருந்தேன். யார் வந்தாலும் எங்கள் வரிசை மாறாது. மாலை, பொன்னாடை, பன்னீர், தலைவர் உரை, கடைசியில் குழுப்படம். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பதைப் படம் எடுத்த பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்வோம். (ஒரு தடவை மீட்டர் பார்க்க வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.)

அந்தப் புயல் ஒரு சனிக்கிழமை வந்தது. மழை தெரியும், காற்று தெரியும், கால் நனைகிற அளவுக்கு வெள்ளமும் எங்களுக்குப் பழக்கம்தான். இது வேறு. காலையில் ஒன்பதாவது மாடி ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கீழே கார் நிறுத்துமிடத்தைக் காணவில்லை. பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்றது, அதன் மேல் யாரோ ஒருவரின் குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து மிதந்து போனது. நான் வாயைத் திறந்தவன் மூட மறந்து அப்படியே நின்றிருக்கிறேன். என் மனைவி மாலதி வந்து தோளைத் தட்டிய பிறகுதான் மூடினேன்.

தண்ணீர் இரண்டாம் நாள் வடிந்தது. அதன் பிறகுதான் உண்மையான அதிர்ச்சி. தரைத்தளத்து வீடுகளின் மெத்தைகள், அலமாரிகள், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் சேற்றோடு வாசலில் குவிந்து கிடந்தன. நுழைவாயிலில் மரம் விழுந்து பாதி வழியை அடைத்திருந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. தெருவின் பெரிய குழாய் எங்கோ உடைந்து போனதால் குழாயில் காற்று மட்டும் வந்தது. அது சரியானாலும் எங்களுக்குப் பயனில்லை. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு, படியிறங்கிப் போகிற ஒரு பள்ளமான அறையில் இருக்கிறது. அந்த அறை கூரை வரை சேற்றுத் தண்ணீரால் நிறைந்திருந்தது.

ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தால் பம்பு அறை எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பம்பு அறைக்குப் பொறுப்பு என்று அவர்கள் சொன்னவருக்குப் போன் செய்தால், தெருக்குழாய் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். தெருக்குழாய்க்காரரோ, உங்கள் பம்பே ஓடவில்லை, தண்ணீர் விட்டு என்ன பயன் என்று என்னிடமே கேட்டார். ஐந்தாவது மாடியில் மோட்டார் பழுது பார்க்கும் காதர் பாய் மட்டும் தெளிவாகச் சொன்னார். அறையில் இருக்கிற தண்ணீரை வெளியேற்றினால் போதும், பம்பைக் கழற்றிக் காயவைத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். ஆனால் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் ஊரில் யாரிடமும் சும்மா இல்லை. எல்லாம் எங்கெங்கோ முழுகிய கடைகளில் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் வாளியால் இறைத்துப் பார்த்தோம். அரைநாள் இறைத்ததில் ஒரு படி தெரிந்தது.

இந்த நேரத்தில் என் வீட்டில் பிறந்து பதினொரு நாளான குழந்தை இருந்தது. உதவிக்கு வர வேண்டிய மாமியார் புக்கிட் மெர்தாஜாமில், அங்கேயும் வெள்ளம், வர வழியில்லை. பத்தியத்தில் இருக்கிற மாலதிக்கு வெந்நீர் வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், துணி அலச வேண்டும். கடையில் கிடைத்த போத்தல் தண்ணீரைக் குடிக்கவும் பால்புட்டி கழுவவும் மட்டும் வைத்துக்கொண்டோம். நான்காம் நாள் குழந்தையின் தொடையில் சிவப்பாகத் தடித்திருந்தது. மாலதி அதைக் காட்டியபோது அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று இரவு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் லோரி வருகிறது, ஒரு பிளாட்டுக்கு ஒரு லோரி.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? வாளியை எடுத்துக் கழுவி வைப்பான். நாங்கள் குழுக் கூட்டம் போட்டோம். தலைவர் நாதன் அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைக் இல்லாமலேயே மைக்கில் பேசுவது போலப் பேசுவார். லோரி ஓட்டுநருக்கு மரியாதை செய்தால் மறுநாளும் நம் பக்கம்தான் வண்டியைத் திருப்புவார் என்பது அவர் கணக்கு. எனக்கு அது மிகப் பெரிய ராஜதந்திரமாகத் தோன்றியது.

விடிந்ததும் ஒரு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போனேன். துணிக்கடைக்காரர்கள் நனைந்த சேலைகளை நடைபாதைக் கம்பிகளில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பூக்காரம்மா, இந்த நேரத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டார். தண்ணீர் லோரிக்கு என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்து வாளிகளோடு கீழே கிளம்பும்போது மாலதி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ரெண்டு வாளி தண்ணி. அது மட்டும் போதுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க.”

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு டாங்கி லோரி உள்ளே நுழைந்தது. உடம்பு முழுக்கச் சேறு. வாளியும் குடமும் தொட்டியுமாக வரிசையில் நின்ற ஜனம் கைதட்டியது. லோரியின் பக்கவாட்டில் ஏதோ எழுதியிருந்தது. அதைப் படிப்பதற்கு முன்னாலேயே நானும் இன்னொருவரும் அதன் மேல் ‘நல்வரவு’ பேனரைக் கட்டிவிட்டோம். (தீபாவளிப் பேனர்தான். விளக்குப் படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தோம்.) வாடை அடிக்கவில்லையா என்று இன்று வரை கேட்கிறார்கள். ஐந்து நாளாக எங்கள் பிளாட்டே அந்த வாடைதான். அதில் ஒரு லோரியின் வாடையைத் தனியாக யார் பிரித்துப் பார்ப்பது?

ஓட்டுநர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மலாய்க்காரர். பெயர் ஹாஷிம் என்று பிறகு தெரிந்தது. கதவைத் திறந்து இறங்கியவரின் கழுத்தில் மாலை விழுந்தது. தோளில் பொன்னாடை. முகத்தில் பன்னீர். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். நாதன் அண்ணன் தேங்காய் உடைத்தார். தரைத்தளத்து அக்கா ஒருவர் அந்தத் தேங்காய்த் தண்ணீர் வீணாகாமல் குவளையில் பிடித்துக்கொண்டார். அப்படி இருந்தது எங்கள் நிலைமை. ஹாஷிம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. வரவேற்பு சரியாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாதன் அண்ணன் பேச ஆரம்பித்தார். தண்ணீரின் பெருமையில் தொடங்கி, துறைமுகத்தில் அவர் பார்த்த கப்பல்கள் வரை போனார். அப்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தால் இன்னொரு டாங்கி லோரி. விழுந்த மரத்துக்கும் எங்கள் லோரிக்கும் நடுவில் உள்ளே வர முடியாமல் நிற்கிறது.

பக்கத்து பிளாட்டில் கழிவுத்தொட்டி பொங்கி வழிகிறது, அதை உறிஞ்ச லோரி சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல நேரத்தில் வந்து நிற்கிறானே என்று எரிச்சலோடு போனேன். அந்த ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் பக்கத்து பிளாட்டைக் காட்டினேன். எங்களுக்கு வேண்டாம், அங்கே கொண்டுபோய் விடு என்று மலாயில் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெற்றியோடு திரும்பி வந்தேன். உரை இன்னும் முக்கால் மணி நேரம் ஓடி முடிந்தது. குழுப்படமும் எடுத்தாயிற்று. செயலாளர் என்ற முறையில் என் இரண்டு வாளியும் வரிசையில் முதலில் இருந்தன. ஒன்றை எடுத்து லோரியின் தடித்த குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு, திறக்கச் சொன்னேன்.

ஹாஷிம் வாளியைப் பார்த்தார். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல மெதுவாக மலாயில் சொன்னார்.

“அண்ணே, இது எடுத்துக்கிற லோரி. குடுக்கிற லோரி இல்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “குடுத்தாலும் நீங்க வாங்க மாட்டீங்க லா” என்றார்.

யாரோ பேனரைத் தூக்கிப் பார்த்தார்கள். சேற்றுக்கடியில், மனிதக் கழிவு ஏற்றும் வண்டி என்று எல்லோருக்கும் புரிகிற மலாய் எழுத்துகள். எத்தனையோ பேர் நின்ற இடத்தில் ஒரு குடம்கூட இடம் மாறவில்லை. மூக்கைப் பிடித்த என் இரண்டு விரல்கள்தான் கண்முன் நின்றன.

ஓடினேன். வாளியோடு, நெற்றியில் சந்தனத்தோடு, செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொள்ள, பக்கத்து பிளாட்டுக்கு ஓடினேன். அங்கே தண்ணீர் லோரியின் குழாயிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்காட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

அங்கே படியோரமாக உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முப்பத்து மூன்று வயதில் தேம்பித் தேம்பி அழுதேன். எங்கள் பிளாட்டின் அத்தனை பேருக்கும் வந்த தண்ணீரை நான் என் கையாலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்பதாவது மாடியில் என் பிள்ளை தடித்த தொடையோடு படுத்திருக்கிறாள். ஒரு சீன அக்கா வந்து என்னவென்று கேட்டார். குழந்தைக்கு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. தன் வாளியிலிருந்து பாதியை என் வாளியில் ஊற்றிவிட்டுப் போனார்.

அந்த அரை வாளியை ஒன்பது மாடி ஏற்றிக்கொண்டு போனேன். மாலதி வாளியைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், காலில் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையைக் குளிப்பாட்டினாள். நடுவில் ஒரு தரம் மட்டும் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே என்னை உரித்துத் தொங்கவிடக் காத்திருப்பார்கள் என்று பயந்துதான் இறங்கினேன். ஆனால் கூட்டம் பம்பு அறையைச் சுற்றி நின்றது. காதர் பாய், கழுத்தில் மாலையோடு நின்ற ஹாஷிமிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: உங்கள் லோரி சேற்றுத் தண்ணீரை எடுக்குமா? அன்று காலை ஹாஷிம் எங்களிடம்தான் முதலில் வந்திருந்தார், அதுவும் பக்கத்து பிளாட் என்று நினைத்து வழி தவறி. டாங்கி காலி. தடித்த குழாயைப் படியில் இறக்கினார். நாங்கள் வாளியால் அரைநாள் இறைத்துத் தோற்ற அந்த அறை, ஒரு மணி நேரத்தில் தரை தெரிய வற்றியது. டாங்கியைக் காலி செய்துவிட்டு, அதன் பிறகுதான் பக்கத்து பிளாட்டுக்குப் போனார். மாலையைக் கழற்றவில்லை.

போவதற்கு முன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமாம். இருபது வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறாராம். தெருவுக்குள் நுழைந்தால் ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். ஒருத்தர் மாலையோடு வந்ததும், வெள்ளத்துக்குப் பிறகு மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாராம். நான் என் இரண்டு விரல்களையும் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

காதர் பாய் சொன்னபடி இரண்டு நாளில் பம்பை ஓட்டிக் காட்டினார். தெருக்குழாய் சரியான அன்றே எங்கள் மேல்மாடி வரை தண்ணீர் ஏறியது. மற்ற பிளாட்டுகள் பம்புக்காக இன்னும் பல நாள் காத்திருந்தன. லிஃப்ட் மட்டும் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு மூன்று வாரம் கழித்து வந்தது. நான் செயலாளர் பதவியிலிருந்து விலகினேன். விலக்கினார்கள் என்றும் சொல்லலாம்.

அன்றைக்குப் பிறகு எங்கள் பிளாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. யார் வந்தாலும், தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு வந்தாலும் சரி, தரைத்தளத்து அக்கா மாலைத் தட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு சொல்வார்: “மொதல்ல கொழாயத் தெறந்து காட்டச் சொல்லு. அப்புறம் மாலை.” ஒரு வேட்பாளர் இதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தாராம். சொன்னபிறகு உரையைச் சுருக்கிக்கொண்டார். வீட்டில் இன்னும் மோசம். என் மைத்துனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தங்கள் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது, மாலதி என் பக்கம் குனிந்து அதே வாக்கியத்தைச் சொன்னாள். நான் குடித்த தேநீர் மூக்கில் ஏறியது.

அந்தப் பதினொரு நாள் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இது நடந்தபோது தொட்டிலில் கிடந்தவள், என்னைவிட நன்றாக இந்தக் கதையைச் சொல்கிறாள், மூக்கைப் பிடித்துக்காட்டுகிற இடம் உட்பட. அவள் மலாயில் ‘பாக்சிக்’, அதாவது மாமா, என்று கூப்பிடுகிற ஹாஷிம் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். லிஃப்ட் வாசலில் மாலையோடு நின்று வரவேற்பது அவள்தான். போன தீபாவளியன்று அவர் சிரித்துக்கொண்டே, சட்டப்படி முதலில் குழாயைத் திறந்து காட்ட வேண்டாமா என்று கேட்டார்.

அவள் எக்கி நின்று மாலையைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “நீங்க மட்டும் தெறக்க வேணாம் லா, பாக்சிக்.”