ஸ்டெல்லா ஆன்ட்டியும் இல்லீகல் என்ட்ரியும்

அன்னைக்கு வேலை ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டரத் தொட்டே பாக்காத ஒருத்தர ஆபீசுக்குக் கூட்டிட்டு வரணும். கிளினிக்குகளுக்காக நான் எழுதின புரோகிராம்ல ஒரு நோயாளி பேர அவங்க பதியணும். நான் பக்கத்துல உக்காந்து கவனிக்கணும்.

எண்பதுகள்ல ஜூரோங்ல ஒரு கம்பெனில எனக்கு அதான் உத்தியோகம். மெஷின்கிட்ட மனுஷங்க படுற பாட்ட ஆராய்ச்சி பண்றது. படுத்துறதும் நான்தான்னு விசிட்டிங் கார்டுல போடல.

நான் கூட்டிட்டுப் போனது ஸ்டெல்லா ஆன்ட்டிய. குவீன்ஸ்டவுன்ல எங்க அடுக்குமாடி புளோக்குலயே இருந்தவங்க, ஒரே சர்ச். வக்கீல் ஆபீஸ்ல பல வருஷமா டைப்பிஸ்ட்.

"ஆன்ட்டி, நீங்க பாட்டுக்கு டைப் பண்ணுங்க. நான் வாயே தெறக்க மாட்டேன். அதான் ரூல்."

ரூல் போட்ட மகானும் நான்தான். பின்னாடி பாஸ் கையக் கட்டிட்டு நின்னாரு.

ஆன்ட்டி தன் வீட்டுக்காரர் பேரையே அடிச்சாங்க. அடுத்து ஐசி நம்பர், அதான் அடையாள அட்டை நம்பர். அவங்க பழைய டைப்ரைட்டர்ல ஒண்ணாம் நம்பருக்குத் தனியா கட்டை கெடையாது, சின்ன 'எல்'லத்தான் தட்டுவாங்க. இங்கயும் அதையே தட்டினாங்க.

ஸ்கிரீன்ல வந்துச்சு: 'இல்லீகல் என்ட்ரி'.

நம்பர் வர்ற எடத்துல எழுத்து வந்துருச்சாம். அத இப்படிச் சொன்னா ஜனங்களுக்குப் புரியும்னு முடிவு பண்ண மேதாவி நான்.

ஆன்ட்டி மொகம் வெளுத்துப் போச்சு. அங்கிளுக்கு இன்னும் நீல ஐசிதான், நிரந்தரவாசிங்களுக்குக் குடுக்குறது. சிட்டிசன்ஷிப்புக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்காரு. ஆன்ட்டியோட வக்கீல் ஆபீஸ்ல 'இல்லீகல் என்ட்ரி'ன்னா கள்ளத்தனமா நாட்டுக்குள்ள வந்தவங்க கேஸு.

"தம்பி, அவரு முறையா கப்பல்ல வந்து எறங்கினவரு. இது ஏன் இப்படிச் சொல்லுது?"

நான் பதில் சொல்லல. ரூல். ஆறுதலா ஒரு சிரிப்பு மட்டும் சிரிச்சேன்.

நிதானமா திரும்ப அடிச்சாங்க. அதே பதில். இன்னொரு தடவை அடிச்சதும் மெஷின் 'பீப்'னு கத்திட்டு, 'யூசர் டெர்மினேட்டட்'னு போட்டுச்சு. அதுவும் என் கைவண்ணம்தான்.

ஆன்ட்டி ஹேண்ட்பேக்க எடுத்துட்டு வெளிய நடந்தாங்க. நான் போயிப் புடிக்கிறதுக்குள்ள, கீழ செக்யூரிட்டி மேசை போன்ல அங்கிள் வேலை பாக்குற ஷிப்யார்டுக்கு அடிச்சு, அங்கிளுக்கு விஷயத்தச் சொல்லி முடிச்சிட்டாங்க.

"ஆன்ட்டி, அது சும்மா லா. நம்பருக்குப் பதிலா எழுத்த அடிச்சிட்டீங்க, அவ்ளோதான்."

"இப்ப மட்டும் வாய் வருதா?"

அங்கிள் அதுக்குள்ள அரை நாள் லீவு போட்டு, இருக்கிற பத்திரத்தையெல்லாம் தூக்கிட்டு இமிகிரேஷனுக்குக் கெளம்பிட்டாரு.

சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். அங்கிள் கிரில் கேட்டத் தெறக்கல. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்னாரு.

"அங்க என்ன சொன்னாங்க, அங்கிள்?"

"ஒரு தப்பும் இல்லன்னாங்க. ஆனா இத எதுக்கு வந்து கேக்குறேன்னு சந்தேகப்பட்டு என் பேர எழுதி வச்சுக்கிட்டாங்க."

உள்ளேர்ந்து ஆன்ட்டி குரல் வந்துச்சு. "அவன்கிட்ட ஏன் பேசுறீங்க? ரூல் இருக்காம்."

அங்கிளுக்குச் சிட்டிசன்ஷிப் கெடச்சிருச்சு. ஆனா அது கைக்கு வர்ற வரைக்கும் சர்ச்ல நான் உக்காந்த பெஞ்சுல அவங்க உக்காரவே இல்ல.

இப்பல்லாம் யாரு என்னத்தத் தட்டினாலும் என் ஸ்கிரீன்ல 'மன்னிக்கணும்'னுதான் வரும். அந்தக் கம்பிக்கு வெளிய நின்னு ரொம்ப நேரம் சொல்லிப் பழகின வார்த்தை.