பெரிய படகே எடுங்க!

மனிதர்களில் 'கூட வருபவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரஷர் குக்கர், டிரான்சிஸ்டர், கறவை மாடு, பீரோ என்று நாம் எதை வாங்கக் கிளம்பினாலும், சட்டையை மாட்டிக்கொண்டு நமக்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் நிற்பார். தமக்கென்று எதையும் வாங்கியிருக்க மாட்டார். அதனாலேயே அவருக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் திருமங்கலத்துக்கு வாய்த்தவர் வீரணன். அவருடைய அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: பெரியதாக வாங்கு. அவர் தேர்ந்தெடுத்த எங்கள் பீரோ ஆறு வருடமாக வராந்தாவில் நிற்கிறது. வீட்டு வாசல் சிறியதாம்.

போன தை பிறந்ததும், பக்கத்துக் கிராமத்துக் கண்மாயில் மீன் குத்தகை எடுத்த ஞானமுத்து, புது மனைவி தங்கத்தோடு படகு வாங்க மதுரைக்குப் புறப்பட்டான். மாசிக்குள் தண்ணீர் வற்றிவிடும். அதற்குள் மீனைப் பிடித்தாக வேண்டும். பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் வீரணன்!

பட்டறையில் இரண்டு அலுமினியப் படகுகள் இருந்தன. சின்னதை இரண்டு பேர் தலையில் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரை ஏறிவிடலாம். பெரியதற்கு எட்டுப் பேர் வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீரணன் யோசித்தார். அண்டா வாங்குவதுபோல் இரண்டையும் விரலை மடக்கித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்; தரையில் கிடந்த பெரிய படகுக்குள் ஏறி உட்கார்ந்தார்; காலை நீட்டினார்; படுத்தும் பார்த்தார்; சொட்டுத் தண்ணீர் இல்லாமலே இடமும் வலமும் ஆடிக் காட்டினார்.

"நாங்க ரெண்டு பேருதாண்ணே" என்றான் ஞானமுத்து.

"இன்னைக்கு ரெண்டு பேரு. நாளைக்கு மருமகன், பேரன்னு வந்தா, கரையில நிக்கச் சொல்லுவியா மாப்ள?"

"பிள்ளையே இன்னும் பொறக்கலண்ணே" என்றாள் தங்கம். "இம்புட்டுப் பெரிசத் தூக்குறது ஆரு?"

"ஊர்ல ஆளா இல்ல? சின்னத வாங்கிட்டுப் போனா, மாட்டுக்குத் தண்ணித் தொட்டியான்னு கேப்பாக தங்கச்சி!"

ஞானமுத்து பயந்துவிட்டான். பெரிய படகு லாரியில் ஏறியது. வீரணன் சொற்படி விளிம்பில் ஞானமுத்துவின் பெயர்கூட வெட்டியாயிற்று.

அதுவோ அறுவடைக் காலம். எட்டுப் பேரை ஒன்றாகப் பிடிக்க முடியவில்லை. ஏழு பேர் சேர்ந்த அன்று, எட்டாவது ஆளாக வீரணனைக் கூப்பிட்டார்கள். அவருக்கு இடுப்புவலி. ஒருவழியாக ஆள் சேர்ந்தபோது, கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. மீனில் பாதி கொக்குகளின் வயிற்றில். மீதியைப் புருஷனும் பெண்டாட்டியும் சேற்றில் தடவிப் பிடித்தார்கள்.

கோடையில், தேவாலயத்துச் சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனம் வந்தது. வடித்த சோற்றைக் கொட்டி வைக்கப் பாத்திரம் போதவில்லை. தங்கம் படகைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். முதல் பந்தியில் வீரணன்.

"சின்னத எடுத்திருந்தா பத்தியிருக்குமா தங்கச்சி?"

"பத்தாதுண்ணே. அடுத்து கப்பல் வாங்கப் போறோம். கூட வாரீகளா?"

வீரணன் வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கினார். "எத்தன மணி பஸ்ஸு?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படிக்கும்போது நடுவில் எங்காவது, 'அடடா, நான் கூடப் போயிருந்தால் சின்னதையே எடுக்கச் சொல்லியிருப்பேனே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள். நாங்கள் தையல் மிஷின் வாங்கப் போகிறோம்.