இதுதான் எங்க வீடு

உமாராணியின் கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் தன் கல்யாணப் படத்தை மாட்டிய சந்திரா இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். அவள் படம் சின்னது. சுற்றிலும் பழைய படம் இருந்த இடம் மட்டும் சுவரில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது.

"திருடிகினு வந்து மாட்டினாப்புல இருக்குதும்மா," என்றாள் மகள் இசைப்பிரியா.

"வாய மூடுடி. மணி ஏழு பத்து. ஏழரைக்கு மலேசியா வந்துரும்."

இசைப்பிரியா படிக்கும் ஆறாம் வகுப்பையும், மலேசியாவில் ஈப்போ பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பையும் 'என் வீடு, உன் வீடு' என்று ஆன்லைனில் சேர்த்துவைத்திருந்தார்கள். தினமும் காலையில் நெய்வேலியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை போனில் தன் வீட்டைச் சுற்றிக்காட்டும். அங்கே அப்போது மணி பத்து. அந்த வகுப்பு முழுக்க உட்கார்ந்து திரையில் பார்க்கும், கேள்வி கேட்டுக் குடையும்.

நான்கு பேர் காட்டி முடித்தாயிற்று. நான்கு பேர் வீட்டிலும் சோபாவாம். சோபா இல்லாத வீட்டில் மனுஷர்கள் எங்கே உட்காருவார்கள் என்று அந்த நால்வரில் ஒருத்தியான பவித்ரா வகுப்பிலேயே கேட்டிருக்கிறாள்.

இசைப்பிரியாவின் அப்பா தமிழ்மாறனுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி வீடுகள் இருக்கும் டவுன்ஷிப்புக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை, அதில் பாதியைச் சந்திராவின் தையல் மிஷின் அடைத்துக்கொண்டிருக்கும். "எனக்குக் காய்ச்சல்னு லெட்டர் குடுத்துரும்மா. நம்ம வூட்டக் காட்ட வேணாம்," என்று சொல்லிப் பெண் தேம்பி அழுதாள். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பழக்கத்தில் சந்திரா நேராக டவுன்ஷிப்பில் இருக்கும் உமாராணியிடம் போய் நின்றாள்.

உமாராணி யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன, என் குவார்ட்டர்ஸ எடுத்துக்கோ. நான் வாக்கிங் போயிடுறேன். எங்க வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருப்பார். இடியே விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார். ஆனா ஒண்ணு, யார்கிட்டயும் மூச்சு விடாத."

சந்திரா மூச்சு விடவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்த வெள்ளைச் சதுரத்தை மறைக்க, சமையலறைக் காலண்டரை எடுத்து வந்து அதே ஆணியில் சேர்த்து மாட்டினாள். ஆணி இரண்டையும் சுமக்க மறுத்து, சுவரைவிட்டுக் கழன்று வந்தது. படம் கீழே விழுந்தது. விரிசல் வேறெங்கும் விழாமல், சரியாகத் தமிழ்மாறனின் மூக்கின் மேல் விழுந்தது.

படத்தை டிவி மேல் சாய்த்துவைப்பதற்குள் போன் அலறிவிட்டது.

"வணக்கம் இசைப்பிரியா!" என்று முப்பது குரல்கள்.

"வணக்கம்! இதுதான் எங்க வீடு. இது ஹால். இது சோபா," என்று சொல்லி, அதன் மேல் உட்கார்ந்தும் காட்டினாள். அது இவ்வளவு ஆழத்துக்கு அமுங்கும் என்று அவளுக்குத் தெரியாது. மலேசியாவுக்குக் கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"உங்க அறையைக் காட்டுங்க!"

"இதோ, இதுதான் என் ரூம்." கதவைத் திறந்தாள். உள்ளே வாளியும் சொம்பும் இருந்தன. பின்னால் நின்ற சந்திரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி கால் கழுவணும். அதனால இத முதல்ல காட்டுறேன்," என்றாள் இசைப்பிரியா. அம்மா கற்றுக்கொடுக்காத பொய். சந்திராவுக்குப் பயமும் பெருமையும் சேர்ந்தே வந்தன.

இனி உள்ளே வேண்டாம், வெளியில் கதவுகள் கிடையாது, பிள்ளை தப்பித்துக்கொள்ளும் என்று கொல்லைப் பக்கம் கைகாட்டினாள். கொல்லையில் பலாமரம் இருந்தது. மரத்தடியில் உமாராணியின் நாயும் இருந்தது. அது இசைப்பிரியாவைப் பார்த்த மாத்திரத்தில் சங்கிலி தெறிக்கக் குரைத்தது.

"உங்க ஊர்ல நாயெல்லாம் ஏன் சொந்த வீட்டு ஆளுங்களைப் பார்த்தே குரைக்குது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"யூனிபார்ம் போட்டா அதுக்கு அடையாளம் தெரியாதுங்க."

நாயை அடக்கச் சந்திரா மறைவில் நின்றபடி ஒரு பிஸ்கட்டை வீசினாள். நாய்க்குப் பிடித்துப்போயிற்று. பாக்கெட்டே வேண்டும் என்று சங்கிலியை உருவிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. சந்திரா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள், பின்னால் நாய், நாய்க்குப் பின்னால் போனோடு இசைப்பிரியா.

"யாருலா ஓடுறாங்க?" என்று மலேசிய இழுவையில் ஒரு குரல்.

"எங்கம்மா. தினமும் காலையில ஓடுவாங்க. உடம்புக்கு நல்லது."

சந்திரா திறந்திருந்த ஓர் அறைக்குள் புகுந்து பீரோவுக்குப் பின்னால் ஒண்டினாள். பாக்கெட் கைதவறிக் கட்டிலில் விழ, நாய் கட்டிலில் பாய்ந்தது. கட்டிலில் உமாராணியின் புருஷன் கலியமூர்த்தி, நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். இடிக்கு எழாத மனிதர் நாய்க்கு எழுந்தார். கைலியும் பனியனுமாகத் திரை முழுக்க அவரே நின்றார்.

"யாரு அவரு?"

"எங்க... எங்க அப்பா," என்றாள் இசைப்பிரியா.

"டிவி மேல இருந்த போட்டோவுல வேற ஆளாச்சே?"

அவ்வளவுதான். பிள்ளையிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிற்று. உதடு கோணியது, கண் நிறைந்தது. அதைப் பார்த்ததும் சந்திராவுக்கு மானமாவது மண்ணாவது என்றாகிவிட்டது. எல்லாத் தப்பும் என் தப்பு, எங்கள் வீடு இது இல்லை என்று சொல்லிவிடத் தீர்மானித்துப் பீரோவின் மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கலியமூர்த்தி தலையைக் கையால் படிய வாரிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனை வாங்கிவிட்டார்.

"வணக்கம் பசங்களா. நான்தான் அப்பா. மைன்ஸ்ல நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தேன். அது பழைய போட்டோ, அப்ப முடி ஜாஸ்தி, தொப்பை கம்மி. நாய் பேரு டைகர், கடிக்காது. வேற ஏதாச்சும் கேக்கணுமா?"

கண்ணைப் பாதிதான் திறந்திருந்தார். ஆனாலும் ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை. இவருக்கு யார் சொன்னது என்று சந்திரா திகைத்து நின்றாள். இசைப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரிமையோடு அவர் பக்கத்தில் போய் ஒட்டி நின்று சிரித்தாள்.

மலேசிய வகுப்பின் கடைசி வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப்பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நெய்வேலியில எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடுதான் கட்டிக் குடுப்பாங்கன்னு சொன்னீங்க, சரி. அப்பாவும் அஞ்சு வீட்டுக்கும் ஒரே ஆளைத்தான் குடுப்பாங்களா?"